பச்சையம்மன் மரத்து முடிச்சுகள்

நான் பிழைப்பது மயிரில்தான். சொன்னால் சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனாரே ஒரு நிமிடம் முகம் சுளித்தார். அதனால் அட்டையில் ‘ஜெயசீலன், இழை ஆய்வாளர்’ என்று கௌரவமாக அச்சடித்து வைத்திருக்கிறேன். சென்னையில் ஒரு சின்ன ஆய்வகம், அதில் ஒரே ஒரு கருவி. ஒரு முடியிழையைக் கொடுத்தால் அது நுனியிலிருந்து வேர்வரை ஒளியால் தடவிக்கொண்டே போகும். முடி ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வளர்கிறது. அன்றைக்கு உடம்புக்குள் என்ன போனதோ அது அந்த இடத்தில் தங்கிவிடும். கருவி அதைப் படித்து, நாள்வாரியாக ஒரு வண்ணப் பட்டையாகத் திரையில் போட்டுவிடும்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில் இந்தியா முழுக்க இப்படி நான்கு கருவிகள்தான் இருந்தன. மற்ற மூன்றும் ஓட்டப்பந்தயக்காரர்கள் ஊக்கமருந்து சாப்பிட்டார்களா என்று உளவு பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடையதும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது, பூங்காவனம் அக்கா ஒரு உரச்சாக்கோடு வந்து நிற்கும்வரை.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேல்கொளப்பட்டில் கிராம சுகாதார நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு மேற்கே இருக்கும் கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர். கம்பெனி செய்வது தண்ணீர் ஒட்டாத பூச்சு. தோசைக்கல், மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பொட்டலக் காகிதம் என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அந்தப் பூச்சுக்கான ரசாயனம் மண்ணில் மக்காது, வெயிலில் அழியாது, உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியே வராது. தங்கள் கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெள்ளாங்கால் ஆற்றுக்குப் போவதில்லை என்று பத்து வருடமாகக் கம்பெனி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அதே ஆற்றங்கரையில், பதினான்கு ஊர்களின் குடிநீர்க் கிணறுகளுக்கு மேலே, இரண்டாவது ஆலை கட்ட அனுமதி கேட்டிருந்தது. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

இந்தக் கதையெல்லாம் நான் செய்தித்தாளில் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிவிட்ட ரகம். போராட்டக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. சாக்கைத் திறந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பாலித்தீன் முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, ஒரு குழந்தையின் பெயர், ஒரு தேதி, ஒரு பிடி மெல்லிய முடி.

முதல் மொட்டை முடியாம். பச்சையம்மன் கோவிலில் மொட்டை போட்டு, முடியை ஆற்றில் விடுவதுதான் அங்கே வழக்கம். ஆறு நுரைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகு, பெற்ற பிள்ளையின் முடியை அந்தச் சாக்கடையில் போட யாருக்கும் மனசு வரவில்லை. ஆறு சுத்தமானதும் விட்டுக்கொள்ளலாம் என்று கோவில் நாவல் மரத்தில் முடிச்சாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். முதலில் மஞ்சள் துணி. மழையில் நைந்துபோகிறது என்று பிறகு பாலித்தீன் கவர். இப்படிப் பதினோரு வருடம். ஆற்றைக் கெடுத்தவர்களே சாட்சியைப் பத்திரப்படுத்தவும் வழிசெய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் கேள்வி ஒன்றுதான். இதிலிருந்து ஏதாவது தெரியுமா?

இருப்பதிலேயே பழைய முடிச்சைப் பிரித்து ஓர் இழையைக் கருவியில் வைத்தேன். திரையில் பட்டை மெல்ல நீண்டது. கம்பெனி ரசாயனத்துக்கு ஊதா நிறம் கொடுத்திருந்தேன். ஆரம்பத்திலிருந்தே ஊதா.

“அக்கா, இது நுனி. இந்த இடம் வளர்ந்தப்ப குழந்தை இன்னும் வெளியவே வரல.”

அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்தார். “வயித்துல இருக்கும்போதா?”

“ஆமா. அஞ்சாம் மாசத்துக்கு மேல தலையில முடி வந்துடும். எல்லாம் கொட்டிடாது, கொஞ்சம் நிக்கும். இங்க பாருங்க, ஒரு வெள்ளைக் கோடு. இதுதான் பொறந்த நாள். உடம்பு மொத்தமும் அன்னிக்கு மாறுதில்ல, அந்த அதிர்ச்சி முடியில பதிஞ்சிடும்.”

அக்கா சீட்டை எடுத்துப் பார்த்தார். அந்தப் பிரசவத்தைப் பார்த்தது அவர்தான். கொடி சுற்றிக்கொண்டு வந்த குழந்தை, அழவே நேரமாயிற்று என்றார். நான் பட்டையைப் பெரிதாக்கிக் காட்டினேன். மற்ற இழைகளில் கோடாக இருப்பது இதில் கொஞ்சம் அகலமாக, தயங்கியது போல இருந்தது. அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் அதற்குக் காரணம் என்று விஞ்ஞானி சொல்லக்கூடாது. ஆனால் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அன்றைக்கு மேல் சிலிர்த்தது. உடம்பு எதையும் மறப்பதில்லை. மறப்பதெல்லாம் நாம்தான்.

பன்னிரண்டு நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஓட்டப்பந்தயக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு குழந்தையின் முடியிலும் வயிற்றிலிருந்த நான்கு மாதமும் பிறந்தபின் மொட்டைவரை பத்துப் பதினோரு மாதமும் இருந்தன. தேதி பார்த்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினேன். ஒரு குழந்தை விட்ட இடத்துக்கு முன்பே அடுத்த குழந்தை தொடங்கியிருந்தது. இடைவெளியே இல்லாமல் பதினோரு வருடம் சுவர் முழுக்க ஓடியது.

அடுக்கி முடித்துவிட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தேன். 

ஊதா ஒரே சீராக இல்லை. சில நாட்களில் திடீரென்று கறுத்து, ஒரு வாரத்தில் வெளிறியது. அந்தக் கறுத்த இடங்கள் எல்லாக் குழந்தைகளிலும் ஒரே தேதியில் இருந்தன. வயிற்றுக்குள் இருந்ததும், தவழ்ந்ததும், மொட்டைக்கு உட்கார்ந்ததும் எல்லாம் ஒரே நாளில் கறுத்திருந்தன. வானிலைத் துறையின் மழைக்கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கனமழை பெய்த ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த நாள். மழை பெய்து ஆறு பெருகும்போதெல்லாம் கம்பெனி தன் கழிவுநீர் மதகைத் திறந்திருக்கிறது. ஒரு மழையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதிகாரிகள் பதினோரு வருடம் கண்டுபிடிக்காததை, பேசத் தெரியாத இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் தங்கள் தலையில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் வருடம் தை மாதத்திலிருந்து பாதிக் குழந்தைகளில் ஊதா வெகுவாகக் குறைந்திருந்தது. அது எனக்குப் புரிந்தது. அந்தத் தையில்தான் அக்கா நாலு பேரிடம் உதவி வாங்கி ஒரு சுத்திகரிப்பு நிலையம் வைத்தார். கர்ப்பிணிகள் உள்ள வீட்டுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் தினம் ஒரு கேன் நல்ல தண்ணீர் போகும். ஊரே அதை ‘நர்ஸம்மா தண்ணி’ என்றது. ஆனால் ஊதா குறைந்த அதே இடத்தில், அதே குழந்தைகளில், ஆரஞ்சு நிறம் தொடங்கியிருந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஒரு ரசாயனத்துக்கு நான் கொடுத்திருந்த நிறம் அது.

பாலித்தீன் கவரின் வேலையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், நினைக்கவும் ஆசைப்பட்டேன். கவரிலிருந்து வந்ததென்றால் இழையின் மேல்தோலில் மட்டும், நுனியிலிருந்து வேர்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேல்தோலை உரித்துவிட்டு உள்ளே படித்தேன். அங்கேயும் ஆரஞ்சு. அதுவும் ஆறு நாள் தடித்து, ஒரு நாள் மெலிந்து, மறுபடி ஆறு நாள் தடித்து, கடிகாரம் போலப் போய்க்கொண்டே இருந்தது.

அக்காவை வரச் சொன்னேன். முதலில் ஊதாவைக் காட்டினேன். சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தொடாமல் நடந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார், கோவிலில் போடுவது போல. அவர் திரும்பியபோது நான் கேட்டேன்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை ஊர்ல என்ன நடக்காது?”

“எனக்கு லீவு, வேறென்ன?” என்று சிரித்தார். “ஞாயித்துக்கிழமை கேன் கழுவமாட்டோம். ரெண்டு நாள் தண்ணிய சனிக்கிழமையே குடுத்துடுவோம், ஞாயித்துக்கிழமைக்கு உண்டானத அப்பவே பானையில ஊத்தி வெச்சிக்குவாங்க.”

“எப்படிக் கழுவுவீங்க?”

“கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தி. நான் நர்ஸு தம்பி, கிருமியோட குடுப்பேனா? கொதிதண்ணி ஊத்திக் குலுக்கி, நல்ல வெயில்ல கவுத்து வெச்சி, அப்புறம்தான்…”

 அக்கா சுவரைப் பார்த்தார், ஆரஞ்சைப் பார்த்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக்கில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, அதே கேனை ஆறு வருடம். அவரளவுக்குச் சுத்தம் பார்க்காத ஒருத்தி செய்திருந்தால் இவ்வளவு கசிந்திருக்காது.

“எத்தனை புள்ளைங்க?”

“தொண்ணூத்தி நாலு.”

“ஆத்துல வர்றதைவிட மோசமா இது?”

“இல்லக்கா. அதைவிடக் கம்மிதான். ஆனா ஒண்ணுமே பண்ணாதுன்னு சொல்ல முடியாது. தைராய்டு மாதிரி சுரப்பிகளைக் குழப்பும்.”

“அஞ்சலாட்சியோட பொண்ணு தைராய்டு மாத்திரை சாப்பிடுது. நிறைமதின்னு பேரு. வர்ற மாசம் ஆறு வயசு முடியுது. கேன் தண்ணி குடிச்சிப் பொறந்த மொதப் புள்ள அதுதான்.”

அது கேனால் வந்தது என்று சொல்ல முடியாது, ஆற்றாலும் இருக்கலாம் என்றேன். இல்லையென்றும் சொல்ல முடியாதில்லையா என்று கேட்டார். சொல்ல முடியாதுதான்.

பிறகு நான் செய்த காரியத்தை மறைக்க விரும்பவில்லை. பாலித்தீன் கவரால் ஒட்டிக்கொண்டது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதித் தருகிறேன், மேல்தோல் எது உள்தோல் எது என்று அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். ஊருக்கு நல்லது செய்ய வந்தவரை அந்த ஊர் முன்னாலேயே நிறுத்தி அடிவாங்க வைப்பானேன் என்று எனக்கு ஆதங்கம்.

 அக்கா ஒத்துக்கொள்வார் என்றே நினைத்தேன்.

“ஆரஞ்சுல பொய் சொன்னா, ஊதாவ மட்டும் அவங்க ஏன் தம்பி நம்பணும்?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றே சுத்திகரிப்பு நிலையத்தைப் பூட்டிவிட்டதாகவும், மோட்டார் ரிப்பேர் என்று ஊரில் சொல்லிவைத்திருப்பதாகவும் பிறகு போனில் சொன்னார். கூட்டம்வரைக்கும் அந்த ஒரு பொய் மட்டும்.

பட்டை முழுவதையும் ஃப்ளெக்ஸில் அடித்துத் தொங்கவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதுவும் பிளாஸ்டிக் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காடாத்துணியில் அச்சடித்தோம். இரண்டு நிறமும் அதில் இருந்தன.

கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில், காலை பதினோரு மணிக்கு. அரசு அமைத்த குழுவின் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி மனோரஞ்சிதம் மேடையில் இருந்தார். மேடையில் இன்னும் யாரோ கல்யாணத்தின் தெர்மாகோல் இதயம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. துணி மண்டபத்தைச் சுற்றி மூன்று சுவருக்கும் ஓடியது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து தங்கள் பிள்ளையின் பட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளைக் கோடு எது என்று அக்கா காட்டிக் கொடுத்தார். அதற்கு இந்தப் பக்கம் இருப்பது வயிற்றுக்குள் இருந்த காலம் என்றதும் மண்டபம் அடங்கிவிட்டது.  ஒருத்தி அந்த நாலு மாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெண், ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கி அதன் பட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அஞ்சலாட்சி. பிள்ளை கேட்டது ஆரஞ்சு ஏன் அழகாக இருக்கிறது என்று.

கம்பெனியின் வக்கீல் திவாகர் கெட்டிக்காரர். ஊதாவைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கருவி புதிது, சட்டம் இன்னும் அதை ஏற்கவில்லை, மரத்தில் தொங்கிய முடி சாட்சியாகாது என்றார். கடைசியில், இந்த ஆரஞ்சு என்ன, அறிக்கையில் விளக்கமே இல்லையே என்று கேட்டார்.

அது என் அறிக்கையில் இல்லாததற்குக் காரணம், தானே சொல்வதாக அக்கா கேட்டுக்கொண்டதுதான். மைக்கைப் பிடித்தார். குழுவைப் பார்த்துப் பேசவில்லை, திரும்பி ஊரைப் பார்த்து நின்றார்.

“அது நான் குடுத்த தண்ணி. தண்ணியில தப்பில்ல, கேன்ல தப்பு. சுத்தமா இருக்கணும்னு நான்தான் கொதிதண்ணி ஊத்திக் கழுவச் சொன்னேன். அதுல பிளாஸ்டிக்கு கரைஞ்சி உங்க புள்ளைங்க உடம்புக்குள்ள போயிருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் கழுவல, அன்னிக்கு அது கொறைஞ்சிருக்கு பாருங்க. தொண்ணூத்தி நாலு புள்ளைங்க. எனக்குத் தெரியாமதான் நடந்துச்சி. தெரிஞ்சி ஒம்போது நாள் ஆவுது. மோட்டார் ரிப்பேர்னு சொன்னது பொய்.”

  அஞ்சலாட்சி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அக்காவைக் கடந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள். அவள் பின்னால் முப்பது நாற்பது பெண்கள் போனார்கள். அக்கா மைக்கைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

திவாகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு லட்டு கையில் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்து பத்து நிமிடம் வெளுத்து வாங்கினார். பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்தது கம்பெனி அல்ல, இந்த அம்மையார்தான். ஞாயிற்றுக்கிழமை குறைந்ததைக்கூடக் காட்டியிருக்கிறது இந்தக் கருவி. இதைவிடத் துல்லியமான சாட்சி உலகத்தில் உண்டா? தொண்ணூற்று நான்கு குழந்தைகளின் முடியும் பொய் சொல்லுமா? இதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்ந்தார்.

கருத்துக்கேட்பில் ஒரு நடைமுறை உண்டு. யார் என்ன பேசினாலும் எழுதிக்கொண்டு, கலையும் முன் அதைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், பேசியவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தர் வாசித்துக்கொண்டே வந்தார். கம்பெனித் தரப்பு வந்ததும் நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த வரியத் திரும்பப் படிங்க.”

எழுத்தர் படித்தார். “இழை ஆய்வுக் கருவி நாள்வாரியாகத் துல்லியமானது என்றும், மரத்திலிருந்து எடுக்கப்பட்ட முடி நம்பத்தகுந்த சாட்சி என்றும் கம்பெனியின் வழக்கறிஞர் தெரிவித்தார்.”

“நீங்க சொன்னதுதானே, திவாகர்?” என்று நீதிபதி கேட்டார்.

திவாகர் வாயைத் திறந்தார். மூன்று சுவரிலும் ஊதா ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழையும் அதில் இருந்தது. ஆரஞ்சுக்கு மட்டும்தான் சொன்னேன் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளச் சொன்னார் நீதிபதி.

இரண்டாவது ஆலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. முதல் ஆலையின் மதகுக்குச் சீல் வைத்தார்கள். அதே உத்தரவின் ஏழாவது பத்தியில், பூங்காவனம் என்பவர் நடத்திய குடிநீர் வினியோகமும் குழந்தைகளுக்குத் தீங்கு செய்திருக்கக்கூடும் என்றும், கேன்கள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும் என்றும் இருந்தது. கம்பெனியின் பெயரும் அக்காவின் பெயரும் ஒரே தாளில். அக்கா அந்தத் தாளை வீட்டு வாசல் கதவில் ஒட்டி வைத்திருந்தார். நான் கிழிக்கப் போனேன், விடவில்லை.

மூன்று மாதம் கழித்து, கிணறுகளைச் சோதிக்க ஒரு பெட்டியோடு ஊருக்குப் போயிருந்தேன். அதுவரை அக்கா வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. கடையில்கூட எதிரே வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்றார். அதைப் புகாராகச் சொல்லவில்லை. பஞ்சாயத்து புதிதாக ஸ்டீல் தொட்டி வைத்திருந்தது, ஆழ்குழாய் போட்டிருந்தது, லாரியிலும் தண்ணீர் வந்தது. எல்லோரும் எல்லாத் தண்ணீரும் சுத்தம் என்றுதான் சொன்னார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அஞ்சலாட்சி வந்தாள். இடுப்பில் எவர்சில்வர் குடம், காலி. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, கதவில் இருந்த தாளை ஒருமுறை பார்த்தாள்.

“உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்காதீங்க நர்ஸம்மா. எம் பொண்ணு தினம் மாத்திர போடுறப்பல்லாம் உங்க ஞாபகம் வருது. நல்ல ஞாபகம் இல்ல அது.”

அக்கா தலையை ஆட்டினார்.

“ஆனா தன் தப்ப தானா எழுந்து சொன்ன ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துல நீங்க ஒருத்தர்தான். தொட்டித் தண்ணி நல்லதுன்றாங்க, போர் தண்ணி நல்லதுன்றாங்க. யாரு சொல்றதையும் குடிக்க மனசு வரல. நீங்க சொல்லுங்க. எதைப் புடிச்சி எம் பொண்ணுக்குக் குடுக்கட்டும்?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. அவர் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

“எனக்குத் தெரியாதும்மா. இன்னும் பாக்கல.”

“சரி. பாத்துட்டு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி காலிக் குடத்தை இறக்கி வைத்து, வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.